குழந்தை டாக்டர் ஆக எத்தனை வருடம்? கேள்வி பதில்

பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்குக் குழந்தை டாக்டர் ஆக ஆசை. மொத்தம் எத்தனை வருடம் டாக்டர்?

எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், ஹவுஸ் சர்ஜன் பயிற்சி ஒரு வருடம், எம்.டி. பீடியாட்ரிக்ஸ் 3 வருடம். கணக்குக்கு எட்டரை. ஆனால் நடுவில் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு, நீட் பி.ஜி. இருக்கிறதே! அதற்காக ஒரு வருடம் வீட்டிலிருந்தே படிப்பவர்கள் ஏராளம். பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் டாக்டர் போர்டில் டி.சி.எச். என்று இருக்கிறது. எம்.டி. இல்லையா?

அது 2 வருட டிப்ளமோ. அவரும் குழந்தைநல மருத்துவர்தான். மேலும் 2 வருடம் படித்து, எம்.டி.க்கு இணையான டி.என்.பி. வாங்கலாம். இப்போது பல கல்லூரிகளில் டிப்ளமோ இடங்களை எம்.டி. இடங்களாக மாற்றிவிட்டார்கள். காய்ச்சலுக்குக் கூட்டிப்போக போர்டில் உள்ள எழுத்தை எண்ண வேண்டாம் என்பேன்.

ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். எம்.டி.யில் அந்த 3 வருடமும் என்னதான் வேலை சார்?

முதலில் எடை, தம்பி. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 8 கிலோ குழந்தைக்கு 120. சிரப்பிலோ 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. 'ஒரு ஸ்பூன் கொடுங்கம்மா' என்று எழுதிவிட்டால், 250 பாட்டிலில் மருந்து இரண்டு மடங்காகிவிடும். பாட்டிலைப் பார்க்காமல் சீட்டு எழுதினால் சீனியர் விடமாட்டார்.

அப்புறம் கண். இருமலோடு வரும் குழந்தை மேல் உடனே ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் அழும், மூச்சுக் கணக்கு தப்பும். அம்மா மடியிலேயே இருக்கட்டும். சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 2 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50-ஐத் தொட்டால் வேகமான மூச்சு, நிமோனியாவோ என்று யோசிக்க வேண்டும்.

பிரசவ அறை வேறு உலகம். குழந்தை அழவில்லையா? துடைத்து, தூண்டி, மூச்சுப்பாதையைச் சரிசெய்து, அப்படியும் மூச்சு வராவிட்டால் முதல் நிமிடத்துக்குள் மூச்சு கொடுக்கும் பேக்-மாஸ்க் கையில் இருக்க வேண்டும். நீர்வற்றிய குழந்தைக்கு 24 கேஜ் மஞ்சள் ஊசியில் நரம்பு பிடிப்பது இரவு டியூட்டிகளில்தான் கைவரும். ஆய்வேடு, மாவட்ட மருத்துவமனையில் 3 மாதம், இவையும் உண்டு.

பச்சிளங்குழந்தை நிபுணர் ஆக?

எம்.டி. முடித்து, அடுத்த கட்ட நுழைவுத் தேர்வான நீட் எஸ்.எஸ். எழுதி, டி.எம். நியோநேட்டாலஜி இன்னும் 3 வருடம்.

குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்பவர்களும் இதே வழியா?

இல்லை. அவர்கள் பொதுவாக எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை முடித்து, குழந்தைகள் அறுவை சிகிச்சைக்கான எம்.சிஎச். படிப்புக்குப் போவார்கள். மகளுக்குக் கத்தி பிடிக்கும் ஆசை இருந்தால் எம்.பி.பி.எஸ். முடிக்கும்போதே யோசித்துவிட வேண்டும்.