பருத்திக்குச் சொட்டுநீர் போடமுன்னம் கிணற்றை அளந்து பாருங்கள்

கேள்வி: ஐயா, நெடுங்கேணிப் பக்கம் 2 ஏக்கர் மேட்டுக்காணி இருக்கிறது. கிணற்றின் விட்டம் 5 மீற்றர். வாற சிறுபோகத்துக்குப் பருத்தி வைக்க யோசிக்கிறேன். சொட்டுநீர் போட்டால் கட்டுப்படியாகுமா, இல்லை வாய்க்கால் இறைப்பே போதுமா?

பதில்: தம்பி, சிறுபோகப் பருத்திக்கு இரண்டுமே கட்டாது. எண்ணெய்ச் செலவை விட உங்கள் கிணறுதான் இதில் தடை.

பருத்தி 5 மாதப் பயிர். அதற்கு 700 மில்லிமீற்றர் தண்ணீராவது வேண்டும். ஏக்கருக்குக் கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 28 இலட்சம் லீற்றர். உங்கள் கிணற்றில் 1 மீற்றர் இறங்கினால் வருவது 19,600 லீற்றர். அப்படியென்றால் 2 ஏக்கருக்கு நாள்தோறும் 2 மீற்றர் ஊற வேண்டும், அதுவும் 5 மாதமும். வாய்க்காலில் மூன்றிலொரு பங்கு வீணானால் 3 மீற்றர். சொட்டுநீர் அப்படி வீணாவதைத்தான் மிச்சம் பிடிக்கும், பயிர் குடிப்பதைக் குறைக்காது. கருங்கல் இறுகிய எங்கள் பக்கத்துக் கிணறுகள் ஆடி, ஆவணியில் இந்த அளவுக்கு ஊறுவது அரிது.

காலபோகத்துக்கு மாற்றுங்கள். ஐப்பசி மழையோடு விதைத்தால் மார்கழி வரை மழையே வளர்த்துவிடும். தண்ணீர் தேங்கினால் பருத்தி தாங்காது, அதனால் வரம்பு உயர்த்தி அதன்மேல் விதையுங்கள். இடையில் விழும் சாலே பிறகு இறைப்புக்கும் உதவும். தையில் மழை விடும்போது செடி பூவும் பிஞ்சுமாக நிற்கும். அப்போது வாடவிட்டால் எல்லாம் கொட்டிவிடும். காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். 3, 4 இறைப்பு போதும். இம்முறை ஒரு சால் விட்டு ஒரு சாலுக்குத் தண்ணீர் பாய்ச்சி, அடுத்தமுறை காயவிட்ட சாலுக்குப் பாய்ச்சுங்கள், தண்ணீர் நன்றாக மிஞ்சும். காய் வெடிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதன் பிறகு விடும் தண்ணீர் இலையை வளர்த்து, காயை அழுக வைக்கும். மாசி, பங்குனி வெயிலில் பஞ்சு நனையாமல் எடுக்கலாம்.

செலவைக் கணக்குப் பார்க்க, உங்கள் இறைப்பு இயந்திரத்தால் 200 லீற்றர் பரல் ஒன்று எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 40 விநாடி என்றால் மணிக்கு 18,000 லீற்றர். ஏக்கருக்கு 50 மில்லிமீற்றர் விட 11 மணித்தியாலம் ஓட வேண்டும், சாலில் வீணாவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 17. சொட்டுநீரால் மிச்சம் அந்த 6 மணித்தியால எண்ணெய்தான். 4 இறைப்புக்காகச் சொட்டுநீரில் முதலீடு போடாதீர்கள்.

சிறுபோகத்தில் அரை ஏக்கர் மிளகாய் வைப்பதென்றால் சொட்டுநீர் போடுங்கள், இறைப்பு பல தடவை வரும். ஆனால் கிணற்றுத் தண்ணீர் சவர்த்தன்மையோ கல்சியமோ கூடியதென்றால் துளைகளில் வெள்ளை படிந்து அடைபடும். வாங்கமுன்னம் தண்ணீரைப் பரிசோதியுங்கள். ஆவணியில் ஒருநாள் இறைத்துவிட்டு, மறுநாள் காலை எவ்வளவு ஊறியிருக்கிறது என்று கயிறு விட்டு அளந்து, அந்தக் கணக்கோடு உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள்.