ஆன்டி ஆக்சிடன்ட் டானிக் நாயின் அரிப்பைத் தீர்க்குமா?

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: எங்கள் லாப்ரடாருக்கு இரண்டு வயது. நான்கு மாதமாகப் பாதங்களை நக்கிக்கொண்டே இருக்கிறது. அக்குளும் வயிறும் சிவந்து முடி கொட்டுகிறது. நாயை விற்றவர், 'தோலில் ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்று சொல்லி 1,800 ரூபாய்க்கு ஒரு டானிக்கும் களிம்பும் கொடுத்தார். களிம்பு தடவினால் இரண்டு நாள் அடங்கி மறுபடி வருகிறது. தொடரலாமா?

களிம்பை இன்றே நிறுத்துங்கள். டானிக் விஷயத்தில் அவ்வளவு அவசரமில்லை.

விற்றவர் சொன்ன 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' பொய்யல்ல. கிருமியோ பூச்சியோ தோலுக்குள் புகுந்தால், ஆக்சிஜனிலிருந்து உண்டாகும் காரமான சில மூலக்கூறுகளை உமிழ்ந்துதான் வெள்ளை அணுக்கள் தாக்கும். உடம்பால் தணிக்க முடியாத அளவுக்கு அவை பெருகினால் தோலின் கொழுப்புப் பூச்சு கெடும். தோல் அணுக்கள் அபாயச் செய்தி அனுப்பும், இன்னும் வெள்ளை அணுக்கள் வந்து குவியும். ஒவ்வாமையில் அப்படி வந்த அணுக்கள் வெளிவிடும் இன்டர்லூக்கின் 31 என்ற பொருள் நரம்பைத் தூண்ட, நாய் சொறியும். சொறிந்த புண்ணில் மறுபடி கிருமி புகும்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? அந்தக் காரமான மூலக்கூறுகளைத் தணிப்பதுதான் ஆன்டி ஆக்சிடன்ட், ஆக டானிக் அம்போடுதான் மல்லுக்கட்டுகிறது. எய்தது தெள்ளுப்பூச்சியா, டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணியா, பூஞ்சையா, தூசி ஒவ்வாமையா என்று இந்த நான்கு மாதத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்கப் பத்து நிமிடம் போதும். முடி கொட்டிய இடத்தை இரு விரலால் பிதுக்கி, ஒரு சொட்டுப் பாரஃபின் எண்ணெய் விட்டு, மழுங்கிய பிளேடால் ரத்தம் லேசாகக் கசியும்வரை சுரண்டி, நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். டெமோடெக்ஸ் இருந்தால் சுருட்டுப் போன்ற நீண்ட உடம்பும் எட்டுக் குட்டைக் கால்களுமாகக் கண்ணில் படும். உங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான். எந்த மருத்துவரிடம் போனாலும் சுரண்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

களிம்பின் உறையில் 'குளோபெட்டசால்' என்று இருக்கிறதா? அது மிக வீரியமான ஸ்டீராய்டு. அபாயச் செய்தியின் வாயை அடைப்பதால்தான் இரண்டு நாள் அமைதி. எதிர்ப்பு அடங்கிய தோலில் சிற்றுண்ணி இருந்தால் தாராளமாகப் பெருகும், தோல் மெலியும். நாய் நக்குவதால் மருந்து வயிற்றுக்கும் போகிறது. இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இலேயே அரசாணை வந்துவிட்டது. இன்றும் கடையில் கேட்டவுடன் கொடுக்கிறார்கள். குட்டி விற்பவர் வைத்தியரும் ஆகிவிடுகிறார், தடுக்க ஆளில்லை. என்னிடம் வரும் தோல்நோய் நாய்கள் பெரும்பாலும் இந்தக் களிம்பைக் கடந்துதான் வருகின்றன. சில, வண்டியில் வடித்த கழிவு ஆயிலைப் பூசிக்கொண்டு வருகின்றன. அதை நக்கினால் நஞ்சு.

சத்து மருந்தே சிகிச்சையாகும் நாய்களும் உண்டு. சைபீரியன் ஹஸ்கி, அலாஸ்கன் மாலமூட் இனங்களில் சிலவற்றுக்குத் துத்தநாகத்தைக் குடல் சரியாக உறிஞ்சாது. கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் தடித்த பொருக்குக் கட்டும். அவற்றுக்குத் துத்தநாகம் கொடுத்தால் தோல் தேறும், பல நாய்களுக்கு வாழ்நாள் முழுக்கக் கொடுக்க வேண்டிவரும். இதைக் கேள்விப்பட்டுத்தான் எல்லா நாய்க்கும் துத்தநாக டானிக் விற்கிறார்கள். துத்தநாகம் மிஞ்சினால் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தசோகை வரும். உங்களுடையது லாப்ரடார், பொருக்கும் இல்லை. இந்த வழி உங்களுக்கு இல்லை.

பூச்சியும் பூஞ்சையும் இல்லையென்றால் ஒவ்வாமை என்றே சந்தேகிப்பேன். ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையே தொடங்குவது, பாதம், அக்குள், வயிறு என்று பிடிப்பது, எல்லாம் அதன் இலக்கணம். அரிப்புச் செய்தியையே மறிக்கும் ஓக்லாசிட்டினிப் மாத்திரை உண்டு. எடை பார்த்து மருத்துவர்தான் எழுத வேண்டும். நம் சோப்பு வேண்டாம், நாயின் தோல் நம்முடையதைப் போல அமிலத்தன்மை கொண்டதல்ல. குளோர்ஹெக்சிடின் ஷாம்பு எழுதிக் கொடுத்தால் நுரையைப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். மீன் எண்ணெயும் வைட்டமின் இ-யும் துணைக்கு நல்லவை. ஆனால் மீன் எண்ணெயின் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

போகும்போது களிம்பு உறையையும் டானிக் பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள் நாயைக் குளிப்பாட்டாதீர்கள். தோலில் இருப்பது தோலிலேயே இருந்தால்தான் நுண்ணோக்கியில் தெரியும்.