ஒரே ஆண்டில் இரண்டு சாம்பியன்கள்: சீனியர் பிஜிஏ பட்டியலைப் படிக்கும் முறை

கேள்வி: அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த தொழில்முறை கோல்ஃப் வீரர்களுக்காக நடக்கும் சீனியர் பிஜிஏ (தொழில்முறை கோல்ஃப் வீரர்கள் சங்கம்) சாம்பியன்ஷிப்பில் வென்றவர்களை ஆண்டுவாரியாகத் தொகுத்து வருகிறேன். 1979, 1984 ஆகிய ஆண்டுகளுக்கு இரண்டிரண்டு பெயர்கள் கிடைக்கின்றன. 1983க்கும் 1985க்கும் ஒருவருமில்லை. பட்டியலில் பிழை உள்ளதா? அமெரிக்க வீரர் சாம் ஸ்னீடின் ஆறு வெற்றிகள் சில கணக்குகளில் ஏன் விடுபட்டுள்ளன?

பதில்: பட்டியலில் பிழை இல்லை. ஆண்டை மட்டும் எழுதி மாதத்தை விட்டுவிடுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. போட்டி நடக்கும் காலம் குளிர்காலத்தின் இரு முனைகளுக்கிடையே மாறிக்கொண்டே இருந்தது. 1979 பிப்ரவரியில் ஜாக் ஃப்ளெக் வென்றார். அதே ஆண்டு டிசம்பரில் நடந்த அடுத்த போட்டியில் டான் ஜனவரி வென்றார். அதன்பின் டிசம்பர் மாதமே நீடித்து, 1980இல் அர்னால்ட் பால்மரும், 1981இல் மில்லர் பார்பரும், 1982இல் மீண்டும் டான் ஜனவரியும் பட்டம் பெற்றார்கள். அடுத்த போட்டி 1984 ஜனவரிக்குத் தள்ளிப்போனதால் 1983 வெறுமையானது. அதில் பால்மர் வென்றார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே மறுபடியும் போட்டி நடந்து, ஆஸ்திரேலியரான பீட்டர் தாம்சன் வென்றார். அதற்கடுத்தது 1986 பிப்ரவரியில்தான் நடந்தது, வென்றவர் கேரி பிளேயர். 1982 டிசம்பர் முதல் 1986 பிப்ரவரி வரையிலான போட்டிகளுக்கிடையே உள்ள மாதங்களை எண்ணிப் பாருங்கள்: பதின்மூன்று, பதினொன்று, பதினான்கு. நாட்காட்டியில் இடைவெளி தெரிகிறதே தவிர, போட்டியின் ஓட்டம் எங்கும் அறுபடவில்லை.

உண்மையாகவே நின்றுபோன காலங்களும் உண்டு. 1943, 1944 ஆகிய இரண்டும் உலகப் போரினாலும், 2020 கொரோனாவினாலும் விடுபட்டவை. 1939க்கும் வெற்றியாளர் கிடையாது. உங்கள் தொகுப்பைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது: 1937 முதல் 2019 வரை, இரு முனைகளையும் சேர்த்து, 83 ஆண்டுகள், போட்டி இல்லாத 1939, 1943, 1944, 1983, 1985 ஆகிய ஐந்தைக் கழித்து, இருமுறை நடந்த 1979, 1984 ஆண்டுகளுக்காக இரண்டைக் கூட்டினால் 80 வரும். ஓக் ஹில் கோல்ஃப் மைதானத்தில் கென் டனிகாவா வென்ற 2019 போட்டி 80ஆவது போட்டியாகவே நடத்தப்பட்டது.

இதன் தொடக்கம் 1937இல், கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸ் நிறுவிய அகஸ்டா நேஷனல் கோல்ஃப் கிளப்பில். ஸ்காட்லாந்தில் பிறந்த ஜாக் ஹட்சிசன் முதல் பட்டத்தையும், ஃப்ரெட் மெக்லியோட் மறு ஆண்டின் பட்டத்தையும் வென்றார்கள். இவ்விருவரும்தான் பிற்காலத்தில், 1963இல், அதே கிளப்பில் நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியைக் கௌரவமாகத் தொடங்கி வைக்கும் வழக்கத்தின் முதல் வீரர்களானார்கள். பிறகு போட்டி ஃப்ளோரிடாவுக்குச் சென்று பல பத்தாண்டுகள் அங்கேயே நிலைத்தது. குளிர்காலத்திலும் அதை நடத்த முடிந்ததற்கு அந்த இடத்தின் வெப்பமே துணை.

ஸ்னீட் குறித்த கேள்விக்கு விடை வேறு. மூத்தோருக்கான தனித் தொடர்போட்டி அமைப்பு (சீனியர் டூர்) 1980இல்தான் உருவானது. ஆகவே அந்த அமைப்பு 1980 முதலான வெற்றிகளையே சீனியர் மேஜராக, அதாவது மூத்தோருக்கான முதன்மைப் பட்டங்களாக, எண்ணுகிறது. 1964, 1965, 1967, 1970, 1972, 1973 ஆகிய ஆண்டுகளில் ஸ்னீட் பெற்ற பட்டங்கள் செல்லுபடியானவை, ஆனால் மேஜர் எண்ணிக்கையில் சேராதவை. அவற்றுள் கடைசியை அவர் அறுபது வயதில், 15 ஸ்ட்ரோக் (பந்தை அடிக்கும் எண்ணிக்கை) வித்தியாசத்தில் வென்றார். அத்தகைய ஆட்டத்தை ஒரு தொகுப்பாளர் விட்டுவிடுவது நியாயமாகாது என்பது என் உறுதியான கருத்து. மேலும், இந்தத் தகுதி பின்னாளில் மாறவும் கூடும்: 1987இல் தொடங்கிய பிரிட்டனின் சீனியர் ஓப்பன் 2003 முதலே மேஜராக எண்ணப்பட்டு வந்தது, 2018இல் பழைய வெற்றிகளும் ஏற்கப்பட்டபோது, கேரி பிளேயரின் கணக்கு ஆறிலிருந்து ஒன்பதாக உயர்ந்தது.

ஆகவே உங்கள் அட்டவணையில் ஆண்டுக்கு அடுத்து மாதத்துக்கு ஒரு பத்தியும், மேஜர் தகுதிக்குத் தனியே ஒரு பத்தியும் ஒதுக்குங்கள்; ஸ்னீடின் ஆறு வெற்றிகளையும் முதன்மைப் பட்டியலிலேயே எழுதுங்கள்.