ஆர்கான் முன்னால், பொட்டாசியம் பின்னால்: அச்சுப்பிழை இல்லை

வணக்கம். ஆர்கானின் அணு நிறை 39.95, பொட்டாசியத்துக்கு 39.10, அப்படியிருக்க தனிம அட்டவணையில் ஆர்கான் ஏன் முன்னால் நிற்கிறது, புத்தகத்தில் தப்பா என்று மகள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். தப்பில்லைங்க. உங்கள் மகள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள். 1894-ல் ராலேயும் ராம்சேயும் ஆர்கானைக் கண்டுபிடித்தபோது அந்த அட்டவணையை உருவாக்கிய மெண்டலீவே தடுமாறினார். இது தனிமமே இல்லை, மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாக இருக்குமோ என்றுகூட யோசித்தார்.

நிறையைப் பார்த்து அடுக்கினால் பொட்டாசியம் எதோடும் எளிதில் வினைபுரியாத மந்த வாயுக்களின் வரிசையில் போய் உட்காரும். தண்ணீரில் போட்டதும் தீப்பிடிக்கிற உலோகத்துக்கு அங்கே என்ன வேலை? 1913-ல் மோஸ்லியின் எக்ஸ் கதிர் ஆய்வுக்குப் பிறகுதான் அணு எண்ணே (அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை) அடிப்படை என்று உறுதியானது. ஆர்கான் 18, பொட்டாசியம் 19. பாடத்தில் இதோடு நிறுத்திவிடுவார்கள்.

ஆனால் ஆர்கான் ஏன் கனமாக இருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரே தனிமத்தின் அணுக்களிலும் கனம் வேறுபடும்; பெயருக்குப் பின்னால் வரும் எண் அந்தக் கனத்தைக் குறிக்கும். பாறைகளில் உள்ள பொட்டாசியம்-40 மெதுவாகச் சிதைகிறது. பாதியாகக் குறையவே சுமார் 125 கோடி ஆண்டுகள். அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆர்கான்-40 ஆகிறது, மீதி கால்சியம். நம் காற்றிலுள்ள ஆர்கானில் 99.6 சதவீதம் இந்த 40-தான். பொட்டாசியத்திலோ 93 சதவீதம் 39. அதாவது, ஆர்கானின் எடையை ஏற்றிவிட்டதே பொட்டாசியம்தான்! சூரியனில் இருக்கும் ஆர்கான் பெரும்பாலும் 36. அங்கே இந்தக் குழப்பமே வராது.

டெல்லூரியம், அயோடின் ஜோடியையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் இதே தலைகீழ்தான்.