ஐபிஐ ஸ்கோர் 3ன்னா 43 சதவீதம்தானா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயசு, டிஎல்பிசிஎல் லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்), ஸ்டேஜ் 4, ரத்தத்துல எல்டிஹெச்ங்கிற என்சைம் ஜாஸ்தி, ஆனா நல்லா நடமாடுறார். டாக்டர் ஐபிஐ 3ன்னு எழுதியிருக்கார். நெட்ல பாத்தா 43 சதவீதம்னு போட்டிருக்கு, இன்னும் 5 வருஷம்தானா சார்?

பதில்: இல்லைங்க, முதல்ல அந்த 43 எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாருங்க. ஐபிஐங்கிறது இந்த நோய் எவ்ளோ ரிஸ்க்னு பாயிண்ட் போட்டு பாக்குற கணக்கு, 1993ல வந்தது. 60 வயசுக்கு மேல, எல்டிஹெச் ஜாஸ்தி, ஸ்டேஜ் 3 இல்ல 4, நிணநீர்க் கணுவுக்கு வெளிய ஒண்ணுக்கு மேல இடத்துல நோய், அன்றாட வேலை பாக்க முடியாத அளவுக்கு சோர்வு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாயிண்ட். உங்க அப்பாவுக்கு முதல் மூணு. 3 பாயிண்ட் வாங்குனவங்கள்ல 100க்கு 43 பேர் 5 வருஷம் கழிச்சும் உயிரோட இருந்தாங்க, அவ்ளோதான் கணக்கு, அவங்க அதுக்கப்புறமும் பல வருஷம் இருக்கலாம், அது அதுல வராது. அதோட இப்ப கீமோவோட சேத்து குடுக்குற ரிட்டுக்ஸிமாப் மருந்தே அப்ப கிடையாது! அது சேந்தப்புறம் 2007ல திருப்பி பாத்தப்ப 3லேர்ந்து 5 பாயிண்ட் வரைக்கும் ஒரே குரூப்பா போட்டு 4 வருஷம் கழிச்சு 55 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்கன்னு வந்துச்சு, அந்த குரூப்லயும் உங்க அப்பா லேசான ஓரத்துலதான் இருக்கார்.

என்னைக் கேட்டா ஸ்கோரை விட ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, பயாப்ஸில ஃபிஷ் டெஸ்ட் (ஜீன் இடம் மாறியிருக்கான்னு பாக்குறது) பண்ணாங்களா, மிக், பிசிஎல்2 ரெண்டு ஜீனும் இடம் மாறியிருந்தா அது டபுள் ஹிட், ஐபிஐல இது கணக்குலயே வராது, ஆனா நோய் வேகமா போகும், அதனால பல டாக்டர்ங்க வழக்கமா குடுக்குற ஆர்-சாப் (ரிட்டுக்ஸிமாப் சேந்த கீமோ) ட்ரீட்மெண்ட்டை விட கடுமையான கீமோவை யோசிப்பாங்க. ரெண்டாவது, கீமோ முடிஞ்சு 6லேர்ந்து 8 வாரத்துல எடுக்குற பெட் ஸ்கேன். அதுல டோவில் ஸ்கோர் (நோய் இருந்த இடம் எவ்ளோ ஒளிருதுன்னு 1லேர்ந்து 5 வரைக்கும் போடுறது) 1லேர்ந்து 3க்குள்ள வந்தா பெரிய நிம்மதி, 4, 5ன்னா உடனே பதற வேண்டாம், வீக்கத்தால கூட ஸ்கேன் ஒளிரும், சந்தேகம்னா பயாப்ஸி பண்ணி பாப்பாங்க.

அப்புறம் நெட்ல யாரும் சொல்லாத ஒண்ணு, இந்த சதவீதம் நாள் போகப்போக மாறிட்டே இருக்கும். நோய் கண்டுபிடிச்சு 24 மாசம் எந்த பிரச்சனையும் இல்லாம தாண்டிட்டா, அதே வயசு சாதாரண ஆளுங்களோட ஆயுளுக்கு கிட்டத்தட்ட பக்கத்துல வந்துடுறாங்கன்னு 2014லயே காட்டிட்டாங்க. திரும்ப வர்றதுல பெரும்பாலானது அந்த ரெண்டு வருஷத்துக்குள்ளதான். முதல் ட்ரீட்மெண்ட்டுக்கு கேக்காத நோய்க்கு முன்னெல்லாம் பாதி பேர் 6 மாசம் தாண்டுறதே கஷ்டம், அதை மறைக்கல, ஆனா இப்ப கார்-டி செல் (நோயாளியோட எதிர்ப்பு செல்லையே எடுத்து, கேன்சரைத் தாக்குற மாதிரி மாத்தி திருப்பி ஏத்துற ட்ரீட்மெண்ட்) இருக்கு, ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி வந்தா ரெண்டாவது ட்ரீட்மெண்ட்டாவே அதைக் குடுக்குறாங்க.

அடுத்த தடவை டாக்டரை பாக்கும்போது ஃபிஷ் ரிசல்ட்டையும் பெட் தேதியையும் கேளுங்க, 43ஐ அப்பாகிட்ட சொல்லணுமான்னு அதுக்கப்புறம் யோசிச்சுக்கலாம்.