ஏழைகளின் ஊட்டியும் இரண்டாம் ஆண்டு நிபுணரும்

கேள்வி: ஏழைகளின் ஊட்டியான ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். சேலத்தில் கணினிப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மாணவர்கள் படிக்கும்போதே வலைப்பதிவு தொடங்கி, ஒரு துறையின் நிபுணராகத் தங்களை நிலைநிறுத்திக்கொண்டு, தங்களுக்கென ஒரு ‘பர்சனல் பிராண்ட்’ உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்று எங்கள் கல்லூரிக்கு வந்த வேலைவாய்ப்புப் பயிற்சியாளர் சொன்னார். வாரம் இரண்டு பதிவு எழுத வேண்டுமாம். முகப்பில் கோட் அணிந்த படம் இருக்க வேண்டுமாம். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பாம். தங்கள் கருத்து என்ன?
(ஒரு மாணவர், ஏற்காடு)

பதில்: உங்கள் கேள்வியின் முதல் இரண்டு சொற்களைத் தாண்டி வருவதற்கே எனக்குச் சற்று நேரம் பிடித்தது, தம்பி. ‘ஏழைகளின் ஊட்டி’ என்ற தொடருக்கும் எனக்கும் உள்ள பகை பழையது. இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு அது தெரியும். கோடை விழாவையொட்டி எங்கள் அலுவலகத்துக்கு வரும் ஏற்காட்டுக் கட்டுரைகள் ஏறக்குறைய எல்லாமே அந்தத் தொடரில் தொடங்கி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் சற்று உட்கார்ந்து, பகோடா பாயின்ட்டில் பக்கோடா கிடைக்கவில்லை என்ற நகைச்சுவையோடு இறங்கிவிடும். எழுதியவர் மலைக்குப் போனாரா, கீழே சேலத்து அஸ்தம்பட்டியில் உட்கார்ந்தபடியே எழுதினாரா என்பதைக் கட்டுரையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள காப்பி ஊர். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே உள்ள தேயிலை ஊர். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பியை நட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் ஊட்டியில் தமக்குக் கல்வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஒன்று மற்றொன்றின் மலிவுப் பதிப்பாக உருவானதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஊட்டிக்காரர் எவரும் தம் ஊரைப் ‘பணக்காரர்களின் ஏற்காடு’ என்று பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. போதாக்குறைக்கு, விடுமுறை நாளில் ஏற்காட்டில் ஓர் அறைக்கு என்ன வாடகை என்று விசாரித்த எந்த ஏழையும் அந்தப் பட்டத்தை மறுபடி உச்சரிக்கமாட்டார்.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. நீங்கள் கேட்ட பிராண்ட் விவகாரத்தில் நடக்கக்கூடிய மிகப் பெரிய கோளாறு உங்கள் ஊருக்கு ஏற்கெனவே நடந்துவிட்டது: இன்னொருவருடைய பெயரைக் கடன் வாங்கி, அதற்கு முன்னால் ‘ஏழைகளின்’ என்று சேர்த்துக்கொள்வது. உங்கள் பயிற்சியாளர் சொன்னபடி வாரம் இரண்டு பதிவு என்று கிளம்பினால் உங்களுக்கும் இதே கதிதான் நேரும். முதல் வாரம் ‘செயற்கை நுண்ணறிவின் எதிர்காலம்’, இரண்டாம் வாரம் ‘நேரத்தைத் திட்டமிட ஐந்து வழிகள்’, மூன்றாம் வாரம் எழுத ஒன்றும் இல்லாமல் அந்தச் செயற்கை நுண்ணறிவையே எழுதித் தரச் சொல்வீர்கள். பக்கத்து அறை நண்பரும் அதையே செய்வார். இருவருடைய பதிவிலும் பெயரை மாற்றிப் போட்டால் உங்கள் பெற்றோருக்குக்கூட வித்தியாசம் தெரியாது. வேலைக்கு ஆள் எடுக்க வந்தவர் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால், ‘ஐயா, நான் ஏழைகளின் சுந்தர் பிச்சை’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

மனிதன் தன்னையே ஒரு பிராண்டாக நினைத்துக்கொள்ள வேண்டும் என்ற பேச்சைப் பரவலாக்கியவர் டாம் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க நிர்வாக ஆலோசகர். 1997-இல் ஒரு வணிகப் பத்திரிகையில் எழுதினார். வலைப்பதிவைக் குறிக்கும் ‘வெப்லாக்’ என்ற சொல்லை ஜார்ன் பார்கர் புழக்கத்தில் விட்டதும் அதே ஆண்டின் இறுதியில்தான். ஆனால் பார்கர் செய்தது மிகச் சாதாரணமான காரியம்: இணையத்தில் தாம் அன்றாடம் படித்தவற்றில் நல்லதாகப் பட்டதைக் குறித்துவைத்தார். பீட்டர்ஸ் பேசியதோ, வேலையில் இருப்பவர்கள் தங்களைத் தாங்களே சந்தைப்படுத்திக்கொள்வதைப் பற்றி. ஏற்கெனவே ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருந்தவர்களுக்குச் சொன்ன யோசனையை, இன்னும் எதையும் செய்யத் தொடங்காத பத்தொன்பது வயதுப் பிள்ளைகளிடம் பயிற்சியாளர்கள் அப்படியே ஒப்பிக்கிறார்கள். விற்பதற்குச் சரக்கு வந்து சேரும் முன்பே பெயர்ப்பலகைக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று.

பத்தொன்பது வயதில் வலைப்பதிவு எழுதிப் பெயர் பெற்றவர் ஒருவரைச் சொல்கிறேன். ஹூஸ்டன் பல்கலைக்கழக மாணவர் மேட் முல்லன்வெக், 2003 ஜனவரியில் தம் வலைப்பதிவில் ஒரு புலம்பலை எழுதினார். அவர் பயன்படுத்திவந்த ‘பி2’ என்ற வலைப்பதிவு மென்பொருளை எழுதியவர் பல மாதங்களாகத் தலைகாட்டவில்லை. யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்ற திறந்தநிலை உரிமம் உள்ள நிரல் என்பதால் அதை எடுத்து மேற்கொண்டு வளர்க்கலாமா என்று யோசிக்கிறேன் என்பதே விஷயம். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் என்பவர், அப்படிச் செய்வதானால் நானும் கைகொடுக்கிறேன் என்று பதில் எழுதினார். அந்த ஆண்டு மே 27 அன்று வெளிவந்த வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளின் தொடக்கம் அதுதான். அந்தப் பதிவில் முல்லன்வெக் நிபுணராகத் தோன்ற முயலவில்லை. கையில் இருந்த ஒரு கருவி, அதில் ஒரு சிக்கல், தம் திட்டம் இன்னது என்று எழுதினார். படித்தவருக்குச் சேர்ந்து வேலை செய்யத் தோன்றியது.

ஆகவே ‘நிபுணர்’ என்ற யோசனையை உடனே கைவிடுங்கள். இரண்டாம் ஆண்டிலேயே நிபுணராகிவிட்டால் மூன்றாம், நான்காம் ஆண்டுகளுக்குக் கல்லூரி வாங்கும் கட்டணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? மாணவர் மாணவராகவே எழுதலாம்; அதற்கென்று ஒரு மரியாதை உண்டு.

எதை எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உண்மையில் கேட்க வேண்டியது அதுதான். உங்கள் மலையில் கோடையின் தொடக்கத்தில் பெய்யும் மழைக்காகக் காப்பிச் செடியின் மொட்டுகள் காத்திருக்கும். மழை நனைத்த எட்டுப் பத்து நாட்களில் தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்து, மல்லிகை போல மணத்து, சில நாட்களில் பழுப்பேறி உதிர்ந்துவிடும். அந்த மழை தள்ளிப்போனாலோ போதாமல் பெய்தாலோ அடுத்த அறுவடையில் அடி விழும். வீட்டுக்கு அருகில் உள்ள ஒரே ஒரு தோட்டத்தை எடுத்துக்கொண்டு, மழை என்று பெய்தது, எத்தனை மில்லிமீட்டர், என்று பூத்தது என்று தேதியோடு எழுதிவாருங்கள். படித்த படிப்பு வீணாக வேண்டாம் என்றால் மழைமானியை நீங்களே செய்யலாம்: நீர் நிறைந்ததும் சாய்ந்து கவிழும் சிறு கிண்ணம், ஒவ்வொரு கவிழ்ப்பையும் எண்ணும் ஒரு சிறிய மின்சுற்று. கொட்டும் மழையில் கிண்ணம் கவிழும் நொடியில் விழும் நீர் கணக்கில் சேராமல் போவதை நீங்கள் கவனிப்பீர்கள். அது ஏன், எப்படித் திருத்தினீர்கள் என்பது ஒரு பதிவு. நிரலை எல்லோரும் பார்க்கும்படி வைப்பது இன்னொரு பதிவு. தோட்டத்து மேஸ்திரி உங்கள் கருவியைப் பார்த்துச் சிரித்தார் என்றால் அவர் சொன்ன காரணத்தையும் எழுதுங்கள். அநேகமாக அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். இரண்டு ஆண்டுகளில் இப்படிச் சேரும் பதிவுகளை வேறு எவரிடமிருந்தும் நகலெடுக்க முடியாது. நேர்முகத்தில் உங்களை எதிர்கொள்பவருக்கும் கேட்பதற்கு உருப்படியான கேள்விகள் கிடைக்கும்.

மொழியைப் பற்றி: மழைக் கணக்கைத் தமிழில் எழுதுங்கள், அதைத் தேடிப் படிக்கப்போகிறவர்கள் இந்த மலையிலும் அடிவாரத்திலும் இருக்கிறார்கள், மின்சுற்றையும் நிரலையும் ஆங்கிலத்தில் எழுதுங்கள், அவற்றை எடுத்தாளப்போகிறவர்கள் எங்கிருந்தும் வரலாம். எழுத விஷயம் இருக்கும் வாரத்தில் எழுதினால் போதும். எல்லாவற்றுக்கும் ஒரு பிரதியை உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் லட்சக்கணக்கானவர்கள் இலவச இணையப் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டீஸ் தளத்தை யாஹூ நிறுவனம் 2009-இல் இழுத்து மூடியபோது, பிரதி வைத்திருந்தவர்களே பிழைத்தார்கள். படத்துக்காகக் கோட் வாடகைக்கு எடுக்க வேண்டாம். டிசம்பர் மாதத்து ஏற்காட்டில் ஸ்வெட்டரும் மப்ளரும்தான் பொருத்தமாக இருக்கும்.