மருமகள் பக்கம் பேசுங்கள் அம்மா!

போன இதழில் அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. மூன்றுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: என் மகன் டெக்சாஸில் வீடு வாங்கியிருக்கிறான். கிரீன் கார்டும் வந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்ததிலிருந்து கைத்துப்பாக்கி வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். மருமகள் கூடவே கூடாது என்கிறாள். பேரனுக்கு 9 வயது. நான் யார் பக்கம் பேசுவது?
– தஞ்சாவூர் வாசகி

பதில்: மருமகள் பக்கம்தான் அம்மா. இந்த ஒரு தடவையாவது!

சட்டம் மகன் பக்கம் இருக்கிறது, அதை மறைப்பானேன். எச்1பி விசாவில் இருந்தபோது, சில விதிவிலக்குகள் தவிர, அவருக்குக் கடையில் துப்பாக்கி விற்கவே கூடாது. கிரீன் கார்டு வந்தபின் படிவத்தை நிரப்பி, எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனையில் தேறினால் பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும், அவர்கள் அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் 1791இல் வந்தது, மொத்தமே 27 சொல். அது ஊர்க்காவல் படைக்கான உரிமையா, தனி ஆளுக்கான உரிமையா என்று இருநூறு வருஷத்துக்கு மேல் அடித்துக்கொண்டார்கள். 2008இல் உச்ச நீதிமன்றம், வீட்டில் தற்காப்புக்காக வைத்திருப்பது தனி மனிதரின் உரிமை என்று 5க்கு 4 கணக்கில் சொல்லிவிட்டது.

மகன் பயப்படுவதையும் சிரித்துத் தள்ள முடியாது. அதே டெக்சாஸில், யுவால்டி என்ற சின்ன ஊரில், 2022 மே மாதம் பள்ளிக்கூடத்தில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போலீஸ் சில நிமிடங்களில் வந்துவிட்டது, ஆனால் அந்த வகுப்பறைக்குள் நுழைந்து கொலைகாரனை வீழ்த்த 77 நிமிடம் ஆயிற்று. 'போலீஸ் வரும் என்று உட்கார்ந்திருக்கச் சொல்கிறீர்களா?' என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வது? அடுத்த இரண்டே மாதத்தில் இண்டியானாவில் ஒரு ஷாப்பிங் மாலில் மூன்று பேரைக் கொன்றவனை, இடுப்பில் துப்பாக்கியோடு வந்திருந்த 22 வயதுப் பையன் சில நொடிகளில் சுட்டு வீழ்த்தினான். இதுவும் நடந்ததுதான்.

ஆனால் இப்படித் துப்பாக்கியைத் தற்காப்புக்குப் பயன்படுத்துவது எத்தனை தடவை நடக்கிறது? அங்கேதான் வேடிக்கை. 1995இல் வெளியான ஒரு ஆய்வு, வருஷத்துக்கு 25 லட்சம் தடவை என்றது. குற்றத்துக்கு ஆளானவர்களிடம் அரசு நடத்தும் சர்வேயில் அது சுமார் ஒரு லட்சம் அல்லது அதற்கும் கீழே. ஒரே நாடு, ஒரே விஷயம்! முதல் ஆய்வில் சுமார் ஐயாயிரம் பேருக்கு போன் போட்டுக் கேட்டு, அதை நாட்டுக்கே பெருக்கினார்கள். அதில் நாலைந்து பேர் கதை அளந்தாலே லட்சக்கணக்கில் எகிறிவிடும். அரசு சர்வேயோ, முதலில் 'உங்களுக்குக் குற்றம் நேர்ந்ததா' என்று கேட்டு, ஆமாம் என்றவரிடம் மட்டும் மேற்கொண்டு விசாரிக்கிறது, அதனால் சிலர் விட்டுப்போகலாம். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது.

செத்தவர்களின் கணக்கில் இந்தக் குழப்பம் இல்லை. 2023இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் 46,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் 27,000க்கு மேற்பட்டவர்கள் தங்களையே சுட்டுக்கொண்டவர்கள். திருடனுக்காக வாங்கியது, வீட்டில் யாராவது மனசு உடைந்திருக்கும் ராத்திரியில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு பழைய சம்பவம். 1992 அக்டோபர், லூசியானாவில் பேட்டன் ரூஜ் நகரம். ஜப்பானிலிருந்து படிக்க வந்த 16 வயதுப் பையன், தான் தங்கியிருந்த வீட்டுப் பையனோடு ஹாலோவீன் என்ற மாறுவேடப் பண்டிகை விருந்துக்குப் போகிறான். வீடு மாறிவிட்டது. மணி அடித்தார்கள். ஒரு அம்மா எட்டிப் பார்த்து, மிரண்டு, கதவைச் சாத்திவிட்டார். இவர்கள் காருக்குத் திரும்பும்போது அவர் கணவர் பெரிய துப்பாக்கியோடு வெளியே வந்து, அசையாதே என்று ஆங்கிலத்தில் கத்துகிறார். அந்த வார்த்தை பையனுக்குப் புரியவில்லை போலும். விருந்துக்கு வந்தோம் என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தான். ஒரே குண்டு. குற்ற வழக்கில் ஜூரி அவரை விடுதலை செய்தது, பிறகு சிவில் வழக்கில் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். சுட்டவர் ரவுடி இல்லை அம்மா. குடும்பஸ்தர், நிஜமாகவே பயந்துபோனவர். உங்கள் மகனைப் போல.

மீறி வாங்கினால், குண்டைக் கழற்றி, இரும்புப் பெட்டியில் பூட்டி, குண்டுகளை வேறு இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அப்படிப் பூட்டினால் திருடன் வரும்போது எடுக்க நேரம் ஏது என்பார். அந்தக் கேள்வியை மருமகளிடம் விட்டுவிடுங்கள், அவர் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: காந்தியே மக்களுக்கு ஆயுதம் வேண்டும் என்றாராமே? அமெரிக்க நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.
– விருதுநகர் வாசகர்

பதில்: சொன்னது உண்மை. ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய சட்டம்தான் ஆங்கிலேயர் ஆட்சியின் ஆகக் கறுப்பான செயல் என்ற பொருளில் எழுதினார். ஆனால் எங்கே? 1918இல், முதல் உலகப் போருக்கு குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஆள் சேர்க்க அடித்த துண்டுப் பிரசுரத்தில். வைஸ்ராய் லிட்டன் காலத்து 1878 ஆயுதச் சட்டம் இந்தியனிடம் லைசென்ஸ் கேட்டது, ஐரோப்பியர்களுக்கு விலக்குக் கொடுத்தது. அந்த அவமானத்தைத்தான் சொல்கிறார். பட்டாளத்தில் சேருங்கள், ஆயுதம் பழகலாம் என்று கூப்பிடுகிறார். தலைமாட்டில் பிஸ்டல் வைத்துக்கொண்டு தூங்கச் சொல்லவில்லை. உங்கள் நண்பருக்கு வருஷத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

கேள்வி: ஆஸ்திரேலியா செய்ததை அமெரிக்கா ஏன் செய்யவில்லை?
– கோவை வாசகர்

பதில்: 1996 ஏப்ரலில் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும், பிரதமர் ஜான் ஹோவர்ட் இரண்டு வாரத்துக்குள் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு மாநிலங்களைச் சம்மதிக்க வைத்தார். சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை அரசே காசு கொடுத்து வாங்கி அழித்தது. இத்தனைக்கும் அவர் வலதுசாரி, கிராமத்து ஓட்டை நம்பியிருந்த கூட்டணி. கோபத்தில் இருந்த துப்பாக்கிக்காரர்கள் முன் கோட்டுக்குள் குண்டு துளைக்காத சட்டை போட்டுக்கொண்டு பேசினார். அங்கே லைசென்ஸ் கேட்கும்போது தற்காப்புக்கு என்று எழுதினால் மனு தள்ளுபடி. அமெரிக்காவில் 2008க்குப் பிறகு அதே தற்காப்புதான் அரசியல் சட்ட உரிமை. போதாததற்கு அங்கே ஜனத்தொகையை விடத் துப்பாக்கிகள் அதிகம். எந்த அரசு, எத்தனை கோடி டாலர் கொடுத்து, யார் வீட்டு வாசலில் போய் நின்று வாங்கும்?